அவளிடம் மிஞ்சிய ஒரு சொல்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போன பிறகு, அவள் வாயில் ஒரே ஒரு சொல் தங்கியது. ஆமென். தண்ணீர் என்று வராது. வலிக்கிறது என்று வராது. இருபத்தாறு வருஷம் என்னைக் கூப்பிட்ட ‘ஏங்க’ கூட வராது. ஆனால் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் செய்து முடித்தால், துளி பிசகில்லாமல் ‘ஆமென்’ என்று வந்து நிற்கும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் இதைக் கண்டுபிடித்துவிட்டு என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள்.

“அது பழக்கத்துல ஊறிப்போன வார்த்தை சார். யோசிச்சுச் சொல்றதில்ல, தானா வர்றது. அதையாவது தினமும் சொல்ல வையுங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு மத்ததும் வந்தாலும் வரும்.”

“அதுக்கு நான் என்ன பண்ணணும்?”

“நீங்க ஜெபம் பண்ணணும்.”

“வேற பயிற்சி எதுவும் இல்லையா?” என்றேன். அவள் சிரித்துவிட்டாள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

நான் குடிநீர்ப் புகார் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிறவன். ஒரு நாளைக்கு எண்பது பேராவது என்னைத் திட்டுவார்கள். தண்ணீர் வரவில்லை, வந்தால் நாறுகிறது, குழாய் உடைந்து தெருவெல்லாம் ஓடுகிறது. கதவு எண், எத்தனையாவது மாடி, என்ன கோளாறு, எத்தனை நாளாக என்று நாலு கேள்வி கேட்டு எழுதிக்கொள்வேன். எங்களிடம் ஒரே ஒரு விதிதான் கறார். பழுது பார்த்தவன் ‘முடிஞ்சது’ என்று சொன்னதற்காகப் புகாரை மூடக் கூடாது. புகார் கொடுத்தவரையே கூப்பிட்டு, அவர் வாயால் ‘சரி’ என்று சொன்ன பிறகுதான் மூட வேண்டும். மேலதிகாரி சொன்னாலும் முடியாது.

என் மனைவி கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்காக நானும் ஞானஸ்நானம் எடுத்தேன். தலை நனைந்ததோடு சரி. ஞாயிற்றுக்கிழமை அவளைச் சபை வாசலில் இறக்கிவிட்டு, வெளியே வண்டியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். தினமும் காலையில் சாப்பாட்டு மேசையில் ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு அவள் ஜெபம் செய்வாள். நான் செருப்பைத் துடைத்துக்கொண்டே சீண்டுவேன்.

“என்ன, உங்க ஆளு புகார் நம்பர் குடுத்தாரா?”

“குடுத்தாரு. நம்மளுக்கு முன்னாடி நூறு பேர் வரிசையில இருக்காங்களாம்” என்பாள், கண்ணைத் திறக்காமலே.

பயிற்சிக்காரப் பெண் சொல்லிப்போன மறுநாள் காலை என் மனைவி அதே மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். இடது கையால் வலது கையைத் தூக்கினாள். ஏதோ ஒரு பொருளை எடுத்து வைப்பது போல அதை மேசைமேல் வைத்து, இடது கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“நம்பாததை எப்படிச் சொல்றது? அது பொய்யில்லையா?” என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை. தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியது. நான் கோபித்துக்கொண்டு எழுந்து வேலைக்குப் போய்விட்டேன். யார்மேல் கோபம் என்று கேட்டால் அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மச்சினி வந்தாள். அக்காவுக்குத் தலைவாரிவிட்டு, பக்கத்தில் முழங்கால் போட்டு அரை மணி நேரம் மூச்சுவிடாமல் ஜெபித்தாள். ஆமென் வந்தது. ஆனால் சொன்னவளின் கண் என்மேல் இருந்தது.

“அத்தான், அக்கா உங்களைத்தான் பாக்குறா.”

“நீதான் வெளுத்து வாங்குறியே. அப்புறம் நான் எதுக்கு?”

“என் ஜெபத்துக்கு ஆமென் சொல்ல ஒரு சபையே இருக்கு. அவ உங்களோடதுக்குச் சொல்லணும்னு இருபத்தாறு வருஷமா காத்துக்கிட்டிருக்கா. உங்களுக்கு இதுகூடவா புரியல?”

புரிந்தது. அதனால்தான் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். அவள் நோட்டையே எடுத்து, கைக்கு வந்த பக்கத்தைப் பிரித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போலப் படிக்க ஆரம்பித்தேன். மாடி வீட்டு அம்மாவின் முழங்கால் வலி தீர வேண்டும். அந்த அம்மா செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பெண் பரீட்சையில் தேற வேண்டும். அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். என் மனைவியின் தோள் குலுங்கியது. நான் பயந்துபோய் நிமிர்ந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். நோய் வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. வேகமாக அடுத்த வரிக்குப் போனேன்.

“இவருக்குக் கோபம் குறைய வேண்டும். இது பதினோராவது வருஷம்...”

“ஆமென்!”

நான் முடிப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். அத்தனை பலமாக அவள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நோட்டை மூடி உள்ளே வைத்துவிட்டேன்.

மதிய இடைவேளையில் போதகரைப் போய்ப் பார்த்தேன். சபையின் பின்னறையில் உடைந்த நாற்காலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, ஒரு மாதிரி ஜெபம் எழுதிக் குடுங்க. தினமும் படிச்சிடுறேன்.”

“உங்களுக்கு போன் பண்றவங்க எழுதி வெச்சுக்கிட்டா பேசுறாங்க?”

“அவங்க எங்க பேசுறாங்க. கண்டபடி திட்டுறாங்க.”

“அப்ப அங்கேருந்தே தொடங்குங்க” என்று மறுபடி சுத்தியலை எடுத்துக்கொண்டார். இதற்கா மதியச் சாப்பாட்டை விட்டு வந்தோம் என்று திரும்பினேன்.

அடுத்த நாள் காலை கண்ணை இறுக மூடினேன். வாய் தானாகத் திறந்தது.

“வணக்கம், குடிநீர்ப் புகார் பிரிவு, சொல்லுங்க.”

பதினெட்டு வருஷப் பழக்கம். கண்ணைத் திறக்க வெட்கமாக இருந்தது. ஒன்றைத் தொட்டுவிட்டோம், இனி எந்த வழியிலாவது போகட்டும் என்று மேலே பேசினேன். எங்கள் கதவு எண்ணைச் சொன்னேன். இரண்டாவது மாடி என்றேன். வலது கை, பேச்சு, இரண்டும் வேலை செய்யவில்லை, ஐந்து வாரமாக இப்படி இருக்கிறது, சீக்கிரம் வந்து பார்க்கவும் என்றேன். “ஆமென்” என்றாள் அவள். அவள் முகத்தைப் பார்த்தேன். அலுவலகத்தில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. “சரி சரி, சாப்பிடு” என்று தட்டை நகர்த்தினேன்.

நாலு மாதம் ஒரு நாள் விடவில்லை. அதே கதவு எண், அதே மாடி, அதே கோளாறு. சில நாள் சண்டையே போட்டேன். “எத்தனை தடவை சொல்றது? உங்க பக்கம் ஆள் இருக்காங்களா இல்லையா?” என்று கத்தினேன். அவள் அதற்கும் ஆமென் சொன்னாள். முடிந்ததும் “எங்கே, தண்ணின்னு சொல்லு பாப்போம்” என்பேன். உதட்டைக் குவிப்பாள், காற்றுதான் வரும். வேறு சொல் எதுவும் வரவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது, அதை மறைக்க மாட்டேன். செத்த இணைப்புக்கும், எதிர்முனையில் ஒருவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிற இணைப்புக்கும் வித்தியாசம் என் காதுக்குத் தெரியும். எதிர்முனை பேசவில்லை. ஆனால் இணைப்பு செத்திருக்கவில்லை. இதை நான் மச்சினியிடம்கூடச் சொல்லவில்லை.

மழை தொடங்கியதும் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆறாம் நாள் மதியம், மருத்துவர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு நுரையீரலும் இதயமும் ஓய்ந்துவிட்டன என்றார். “மெஷின்ல போடலாம். ஆனா அது உங்க ஆறுதலுக்குத்தான் இருக்கும், அவங்களுக்கு வேதனைதான். யோசிச்சுச் சொல்லுங்க.”

நான் உள்ளே போய் நாற்காலியை இழுத்துப்போட்டேன். அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். அவளுடைய இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வழக்கமான இடத்தில் தொடங்கினேன். இவளை எழுப்ப வேண்டும், வீட்டுக்கு அனுப்ப வேண்டும், இன்னும் பத்து வருஷமாவது வேண்டும். முடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

அவள் எதுவும் சொல்லவில்லை.

கேட்கவில்லையோ என்று மறுபடி சத்தமாகச் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு உதட்டை இறுக மூடிக்கொண்டாள். தானாக வருகிற சொல் என்றாளே அந்தப் பயிற்சிக்காரப் பெண்! வராமல் நிறுத்தி வைத்திருந்தாள்.

“சொல்லு. ஆமென் சொல்லு. இருக்கிறதே ஒரு வார்த்தை, அதையும் சொல்லாட்டி எப்படி?” என் குரல் வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். நர்ஸ் ஓடிவந்து, “கொஞ்சம் வெளிய இருங்க, ஐயா” என்றாள்.

வராந்தா முனையில் கைகழுவும் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. இறுக்கி மூடினேன். சொட்டியது. இன்னும் இறுக்கினேன். அப்போதும் சொட்டியது. அங்கே நின்றுகொண்டு, வெட்கத்தை விட்டு அழுதேன். நாலு மாதமாகப் புகார் எழுதியவன் நான்தான். கோளாறு அவள் உடம்பில் இருந்தது. என்ன வேண்டும் என்று அவளை ஒரு நாளும் கேட்கவில்லை. யார் கூப்பிட்டாலும் முதல் வார்த்தையாக ‘சொல்லுங்க’ என்கிறவன், கட்டியவளிடம் அதைச் சொல்லவில்லை.

திரும்பிப் போனேன். நர்ஸ் நகர்ந்துகொண்டாள்.

“சொல்லும்மா. உனக்கு என்ன வேணும்?”

அவள் இடது கை போர்வைமேல் மெல்ல நகர்ந்து வலது கையைத் தேடியது. தூக்கப் பார்த்தது, முடியவில்லை. நான் எடுத்து வைத்துக் கொடுத்தேன். அவள் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள், முதல் நாள் மேசையில் பார்த்த அதே பார்வை. அதில் கெஞ்சல் இல்லை. களைப்பு இருந்தது. நான் கண்ணை மூடினேன்.

“ஆண்டவரே, இவ ரொம்பக் களைச்சுட்டா. இருக்கணும்னு கேட்டது நான், இவ கேக்கல. இவளுக்கு வலி வேணாம். மெஷின் வேணாம். நீங்களே கூட்டிக்கிட்டுப் போங்க. பத்திரமாக் கூட்டிக்கிட்டுப் போங்க, படியில ஏறும்போது வலது பக்கமாப் பிடிச்சுக்கங்க. எனக்கு இதுல சம்மதம் இல்ல. ஆனா இது இவளோட விஷயம்.”

மூச்சுக்கான முகமூடிக்குள்ளிருந்து, நான் குனிந்து காதை வைத்துக் கேட்கிற அளவுக்குச் சின்னதாக வந்தது.

“ஆமென்.”

மூன்றாம் நாள் காலை, மச்சினி தலைவாரிவிட்டுக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள்.

கல்லறையில் போதகர் ஜெபம் செய்தார். குடைகளுக்குக் கீழே நின்ற அத்தனை பேரும் ஆமென் சொன்னார்கள். என் வாய் திறக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை, மச்சினியைத் தவிர.

இப்போதும் தினமும் காலையில் அந்த மேசையில் உட்காருகிறேன். எனக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கிறது, சேர்த்து வைத்துக்கொள்கிறேன். கதவு எண் சொல்வதில்லை, இதற்குள் தெரிந்திருக்கும். வீட்டில் ஆள் இல்லை என்கிறேன். சத்தம் இல்லை என்கிறேன். ஏன் என்று கேட்கிறேன், சில நாள் மரியாதையாக, சில நாள் இல்லாமல். முடிந்ததும் அவள் சொல்கிற நேரம் வரைக்கும் காத்திருந்துவிட்டு எழுந்து தட்டைக் கழுவுகிறேன்.

“நீங்களே சொல்லிக்கலாம் அத்தான். அதுல தப்பே இல்ல” என்றாள் மச்சினி, போன ஞாயிற்றுக்கிழமை.

தெரியும் என்றேன். அவளுடைய புகார் அவள் வாயாலேயே முடிந்தது. இது என்னுடையது. நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.