சுவரொட்டியில் இல்லாத ஆள்

அந்தச் சுவரொட்டியை எழுதியவள் லவீனாதான். சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தராக அந்தக் கரையோரத்துக்கு வந்த முதல் வருடம். படத்தில் கறுப்புத் தொப்பிக்காரன் ஒருவன் பிள்ளைக்கு ரொபி மிட்டாய் நீட்டுவான். கீழே, ‘தெரியாத ஆட்கள் கிட்ட வந்தால் உடனே சொல்லுங்கள்’. கொழும்பிலிருந்து வந்த மாதிரியை அப்படியே தமிழில் போட்டு, வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்லியும் கொடுத்தாள். அந்தக் கரையில் தெரியாத ஆள் என்று யார் இருக்கிறார்கள்? வலை பொத்துகிறவர், மீன் ஏலம் கூறுகிறவர், படகு இழுக்கக் கைகொடுக்கிறவர் எல்லாரும் பிள்ளைகளுக்கு மாமாதான். மீன்பிடி ஊரான குருநகரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தோன்றாமல் போனதை என்னவென்று சொல்வது!

ஒருவனின் கொடுமைக்கு ஆளாகி ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து வயதுப் பிள்ளை அவளிடமே கேட்டது.

“தெரியாத ஆக்களெண்டால்தானே சொல்லச் சொன்னனீங்கள் மிஸ்? அவர் அப்பாடை போட்டிலை மீனுக்குப் போற மாமா.”



அடுத்த நாள் பத்திரிகைக்காரன் கொலின்ஸ், எழுதிய செய்தியோடு அவளிடம் இரண்டு வரி கருத்துக் கேட்டு வந்தான். தலைப்பு: ‘மர்ம வானில் வந்தவர் யார்?’ அந்தப் படகு மாமாவைப் பொலிஸ் பிடித்து அடைத்த பிறகும், பிள்ளை பிடிக்க வெளியூரிலிருந்து வந்ததாகச் சொன்ன அந்த வான் வண்டி ஊர்வாயில் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையின் பெயரைக் கவனமாக மறைத்தவன், தகப்பனின் படகுப் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். படகின் பெயரைச் சொன்னால் அங்கே யாருக்கும் வீடு தெரியும்.

“தம்பி, படகை வெட்டும். வானையும் வெட்டும். பிள்ளைக்கு நல்லாத் தெரிஞ்ச ஆள் எண்டு எழுதும்.”

“வான் இல்லாட்டில் ஆர் அக்கா வாசிக்கிறது? மாதா கோயில் பங்குச் சபையும் எங்கடை ஆக்களைப் பற்றி எழுத வேண்டாமெண்டு சொல்லுது.”

“அப்ப என்னைப் போடும். சுவரொட்டி எழுதின லவீனா பிழையாச் சொல்லிப்போட்டா எண்டு தலைப்புப் போடும். என்ரை போன் நம்பரும் கட்டாயம் வரவேணும்.”

“வேலை போனாலும் போகும் அக்கா.”

“போகட்டும். எழுதும்.”

கொலின்ஸ் தலையைச் சொறிந்தான். பிறகு எழுதினான், நன்றாகவே எழுதினான்.

பத்திரிகை வந்த காலை மேலதிகாரி போனில் வறுத்தெடுத்தார். திணைக்களத்தின் மானத்தைக் கப்பலேற்றிவிட்டாளாம், விளக்கக் கடிதம் வேண்டுமாம். தருகிறேன் என்றாள். பங்குச் சபைத் தலைவர் சிமியோன் அவள் வேலை செய்யும் கந்தோர் வாசலில் நின்று, “ஊரை நாறடிச்சுப்போட்டாய் பிள்ளை!” என்று கத்திவிட்டுப் போனார். லவீனா புதுச் சுவரொட்டி எழுத உட்கார்ந்தாள்.

பத்தரைக்குப் போன் அடித்தது. சின்னக் குரல்.

“பேப்பரிலை வந்த மிஸ்ஸோ?”

“ஓம் பிள்ளை, சொல்லுங்கோ.”

குரல் இன்னும் தணிந்தது.

“சொந்த அண்ணையெண்டாலும் சொல்லலாமோ?”

லவீனா எழும்பி அறைக் கதவைச் சாத்தினாள்.

“ஆரெண்டாலும் சொல்லலாம். நான் கேக்கிறன்.”