பத்து எண்ணும் வரை

என் வீட்டுக்காரர் ஈஸ்வரபாண்டி ஒரு கணக்கு வைத்திருந்தார். அவருடைய அப்பா தவசி மாமாவுக்கு அந்த நோய் நாற்பத்தைந்து வயதில் வந்தது. ஆகவே இவருக்கும் நாற்பத்தைந்தில்தான் வருமாம். இப்போது முப்பத்தொன்பது, இன்னும் ஆறு வருசம் தாராளமாக ஜீப் ஓட்டலாமாம். யார் போட்டுக் கொடுத்த கணக்கோ!

விடிகாலையில் கம்பத்தில் பதினான்கு பெண்களை ஏற்றி, கம்பம்மெட்டு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, கேரளாவின் ஏலத்தோட்டங்களில் கொண்டுபோய் இறக்க வேண்டும். அதுதான் அவர் தொழில். அந்தப் பதினான்கில் நானும் ஒருத்தி. வளைவில் அவர் கை ஒரு நொடி தானாக இழுத்தால் என்ன ஆகும் என்று பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே போவேன். பயம்தான். அதைவிடக் கோபம்.

மாமாவின் கடைசி வருசத்தில்தான், கை கால் தானாக ஆடும் அந்த நோய்க்கு ஹண்டிங்டன் என்று பெயர் என்பதே எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை தள்ளாடி நடந்தவரை ஊர் குடிகாரன் என்றது. மனிதர் சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. அப்புறம் இவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்து, இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு ஆரம்பித்த கணக்கு இது.

நான் விடவில்லை. இவருடைய அம்மா மொக்கம்மாள் அத்தையையும் கூட்டிக்கொண்டு, மதுரையில் டாக்டர் கிருபாவதியிடம் இவரை இழுத்துப் போனேன்.

"ஒரு ஜீன்ல மூணு எழுத்து திரும்பத் திரும்ப வருது. உங்க அப்பாவுக்கு நாற்பத்து நாலு தடவை. உங்களுக்கு நாற்பத்தேழு. அப்பா வழியா வரும்போது இப்படிக் கூடுறது உண்டு. கூடினா பொதுவா சீக்கிரமே ஆரம்பிக்கும்" என்றார் டாக்டர்.

"எந்த வருசம்னு சொல்லிருங்க" என்றார் இவர்.

"சொல்ல முடியாது. டி.என்.ஏ-வைப் பழுதுபார்க்குற வேற ஜீன்கள் இருக்கு. அதுல உள்ள மாற்றம் சிலருக்கு நோயை முன்னாடி இழுக்கும், சிலருக்குத் தள்ளிப் போடும். ஒரே எண்ணிக்கை உள்ள ரெண்டு பேருக்குப் பத்து வருசம்கூட வித்தியாசம் வரலாம்."

"தள்ளியும் போகும்ல!" என்று இவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அத்தனை பேச்சில் அந்த ஒன்றுதான் காதில் ஏறியது.

டாக்டர் அத்தையிடம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரருக்கு முதமுதல்ல கை கால் தானா ஆடினது எப்போ?"

"டிராக்டர்ல இருந்து விழுந்தாகல்ல, அப்பத்தான். நாப்பத்தஞ்சு வயசு."

"அதுக்கு முன்னாடி? லேசாகூட இல்லையா?"

"அதுக்கு முன்னாடி சாமிதான தாயி ஆடுனாக!"

அத்தை விவரமாகச் சொன்னார். மாசித் திருவிழாவில் உறுமி அடித்ததும் மாமாவின் தோளும் விரலும் துள்ளியிருக்கின்றன. குலதெய்வம் இறங்கிவிட்டது என்று மாலை போட்டு அவரையே சாமியாடி ஆக்கிவிட்டார்கள். சோற்றுத் தட்டின் முன்னால் விரல் துள்ளியபோதும், சாமி இன்னும் மலையேறவில்லை என்று திருநீறு பூசியிருக்கிறார்கள்.

"அது எந்த வயசுல?"

அத்தை விரல்விட்டு எண்ணினார். "முப்பத்தொம்பது."

இவர் கையை விரித்துத் தன் விரல்களையே பார்த்தார்.

டாக்டர் அவரைச் சோதித்தார். நாக்கை நீட்டி, பத்து எண்ணும் வரை வைத்திருக்கச் சொன்னார். நாக்கு நின்றது. "இன்னைக்கு அறிகுறி ஒண்ணும் இல்ல. ஆறு மாசத்துக்கு ஒருக்க வாங்க. நாக்கு நிக்காம உள்ள போறதும் ஒரு அறிகுறிதான். அது வந்துட்டா ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது."

ஆறு மாசமா? மறுநாள் காலையில் ஜீப்புக்கு முன்னால் போய் நின்றேன்.

"நாக்கை நீட்டுங்க. பத்து எண்ணுவேன். நிக்கலைன்னா சாவி எனக்கு."

"கிறுக்கு புடிச்சிருச்சாடி?"

"ஆமா. நீட்டுங்க."

நீட்டினார். தினமும் நீட்டினார். ஜீப்புக்குள் இருந்த பெண்களுக்கு ஒரே சிரிப்பு. "ஏ முனீஸு, உன் புருசன் காளியாத்தாவாவுல ஆயிட்டாரு!" என்பாள் கஸ்தூரியம்மாள். நானும் சிரித்துக்கொண்டே எண்ணுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடமே திட்டு வாங்கி வண்டி பழகினேன். லைசென்ஸும் எடுத்தேன்.

பதினோரு மாசம் கழித்து, கார்த்திகையில் ஒரு காலை. ஆறு எண்ணும்போது நாக்கு உள்ளே போய்விட்டது.

"இன்னொரு தடவ எண்ணு" என்றார். எண்ணினேன். நாலுக்கு மேல் நிற்கவில்லை.

அழுதால் அவர் உடைந்துவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் சாவியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு பின்பக்கம் போய்ப் பெண்களிடம் அவரே சொன்னார்.

"எங்க அப்பன் சீக்கு எனக்கு ஆரம்பிச்சிருச்சு தாயி. இனி இவதான் ஓட்டுவா. எறங்குறவுக எறங்கிக்கங்க."

இரண்டு பேர் இறங்கினார்கள். இத்தனை நாள் அவர் ஓட்டியதற்குப் பயப்படாதவர்கள், பொம்பளை ஓட்டுவதற்குப் பயந்தார்கள். கஸ்தூரியம்மாள் அசையவில்லை. "ஏறு முனீஸு, நேரமாச்சு" என்றாள்.

ஏறினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் வளைவில் அவருடைய இடது கை மடியில் துள்ளியது. வலது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் சொன்னார்.

"ரெண்டாவது கியரப் போடு."

போட்டேன். வண்டி ஏறியது.