பதினான்கு மணி நேரம்

பதினொரு முட்டைகளையும் பார்த்து முடித்தபோது ஆய்வகக்காரிக்குக் காதுமடல் சூடேறியது. நுண்ணோக்கியை விட்டுக் கண்ணை எடுக்காததால் கருத்தரிப்பு மருத்துவமனையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முட்டை ஒன்றுகூட முதிரவில்லை. ஒன்றுகூடக் கெட்டும் போகவில்லை.

"தரமில்லாத முட்டைன்னு எழுதிட்டுக் கொட்டிடுங்க," என்றார் பெரிய டாக்டர், கையுறையைக் கழற்றியபடி.

"முட்டை முதிர்றதுக்கான ஊசி போட்டு முப்பத்தாறு மணி நேரம் ஆகணும் டாக்டர். இருபத்திரண்டுலயே எடுத்துட்டோம்."

"நாளைக்குக் காலையில எனக்கு மாநாடு. சொன்னதைச் செய்ங்க."

முட்டைகளுக்கு உரியவள் பிறக்கும் முன்பே உருவாகி, முப்பத்தாறு வருடம் உறங்கிய முட்டைகள் அவை. ஊசி தட்டியெழுப்பியதும் சைக்ளின் என்ற புரதம் தன் கூட்டாளிப் புரதத்தோடு சேர்ந்து உட்கருவின் சுவரைக் கரைக்கும். பிறகு சைக்ளின் சிதைந்தாக வேண்டும். அப்போதுதான் முட்டை தன் குரோமோசோம்களில் பாதியைச் சிறு உருண்டையாக வெளியே தள்ளி முதிரும். இதற்கு டாக்டரின் பயணத்தேதி தெரியுமா என்ன? பாதி வேலையில் பிடுங்கிவிட்டுப் பழியை அந்தப் பெண்மீது போடுவதா!

பூதக்கண்ணாடி கொட்டவில்லை. கதகதப்பான பெட்டியில் வைத்தாள். மறுநாள் காலை நான்கு முட்டைகளின் ஓரத்தில் உருண்டை எட்டிப்பார்த்தது. நேரத்தைக் குறித்துவிட்டு நான்கையும் உறையவைத்தாள்.

மூன்றாம் நாள், டாக்டர் மாநாட்டிலிருந்து திரும்பியதும், அறிக்கையோடு அவளை அழைத்தார்கள். டாக்டரின் மேசையில் இன்னொருத்தியின் முட்டையை ஏற்கும் ஒப்புதல் படிவம். முட்டைக்காரி கையில் பேனா. பக்கத்தில் கணவனின் அக்கா.

"அப்பவே தலையில அடிச்சுக்கிட்டேன், வயசாயிடுச்சு, இவ முட்டை தேறாதுன்னு."

"கையெழுத்துப் போடாதீங்கம்மா," என்றாள் பூதக்கண்ணாடி. "உங்க முட்டையில குறையே இல்ல. பதினாலு மணி நேரம் முன்னாடியே எடுத்தது எங்க தப்பு. நாலு முட்டை முதிர்ந்து பத்திரமா இருக்கு."

"வெளிய போங்க!" டாக்டர் எழுந்தார். "உங்க வேலை போச்சு!"

"நாலா?" என்றாள் அக்கா, சுருதி இறங்கி.

"நீங்க சும்மா இருங்க அண்ணி. மூணு நாளா பேசினது போதும்." முட்டைக்காரி மேசைப் பக்கம் திரும்பினாள். "டாக்டர், அலாரம் வெச்சு, நிமிஷம் பிசகாம ஊசி போட்டுக்கிட்டேன் நான்."

படிவத்தைக் குப்புறத் திருப்பி, பேனாவை அதன்மேல் வைத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"எத்தனை மணிக்கு எடுத்தீங்க, நாலும் எங்க இருக்கு, எழுதுங்க. கீழ நீங்க கையெழுத்துப் போடுங்க."