பத்தொன்பதே கால் அங்குலம்

...பத்தொன்பதே கால், இருபது இல்லை, பத்தொன்பதும் இல்லை, நாலு கால்களையும் சேர்த்துக் கட்டி ஒரே கோட்டில் அறுத்தேன், தனித்தனியாக அறுத்தால் ரம்பம் எங்காவது ஒரு நூல் அளவு ஏமாற்றிவிடும், ஒரு நூல் பிசகினால் நாற்காலி ஆடும், முட்டி வலிக்காரியை ஆடுகிற நாற்காலியில் உட்காரச் சொல்லக்கூடாது... இது ஆடாது. அமுக்கிப் பார்த்தாயிற்று, உலுக்கிப் பார்த்தாயிற்று, கல் மாதிரி நிற்கிறது, இன்னும் ஒட்டுகிற வஜ்ஜிரப் பசைகூடப் போடவில்லை. அடுப்பில் டப்பாவுக்குள் டப்பாவாக அது இளகிக்கொண்டிருக்கிறது, வெளி டப்பாவில் தண்ணீர், உள் டப்பாவில் வஜ்ஜிரம், நேராகத் தீயில் வைத்தால் கருகிப் போகும், வெந்நீர் அதைத் தன் சூட்டுக்கு மேலே போகவிடாது. மரம் சௌக்கத் அலியின் கடையில் எடுத்தது, மூலக்கொத்தளத்தில் பழைய கதவு ஜன்னல் விற்கிறவன், "மாமு, பர்மா தேக்கு, இதுல குந்தினு நீ பேரனுக்குப் பேரனைக் கொஞ்சலாம்" என்றான், நான் ஓரத்தில் கொஞ்சம் சீவி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நம்பினேன். என்னை மாதிரி ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கப்பல் பெட்டிப் பலகை சும்மாவே கிடைக்கும், ஆனால் அதில் கடல் தண்ணீர் ஊறியிருக்கும், உப்பு உள்ளேயே உட்கார்ந்துகொண்டு ஐப்பசிக் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நான் செய்த முதல் ஸ்டூல் அப்படித்தான் மழைக்காலம் முழுக்க வியர்த்தது, என் வீட்டுக்காரி ஃப்ளோரன்ஸ் அதற்கு அழுமூஞ்சி என்று பெயர் வைத்தாள். இதில் உப்பும் இல்லை, ஆணியும் இல்லை, காலில் துளை, சட்டத்தின் முனையில் கழுந்து, கழுந்து துளைக்குள் போய் உட்காரும்போது கதவு சாத்தின மாதிரி ஒரு காற்றுச் சத்தம் வரும், அந்தச் சத்தம் வந்தால் வேலை சரி, எட்டு இடத்திலும் வந்தது.

சனிக்கிழமை மகள் ரோசி வருகிறாள். அம்மாவை அரக்கோணத்தில் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாளாம், பெட்டியைக் கட்டி வைக்கச் சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறாள்... அவளைக் குற்றம் சொல்ல முடியாது, போன மாதம் நடந்தது அப்படி. நான் காலை ஷிப்டுக்குப் போன பிறகு ஃப்ளோரன்ஸ் மீன் கழுவத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள், எழுந்திருக்க முடியவில்லை, கூப்பிட்டிருக்கிறாள், யாருக்கும் கேட்கவில்லை, நான் இரண்டரை மணிக்கு வந்து தூக்குகிற வரைக்கும் அந்த மீனோடும் பூனையோடும் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, "வாய்யா, பூனைக்குப் பாதி குட்த்துட்டேன், இன்னா பண்றது, எவ்ளோ நேரம்தான் அத்த மொறைக்கிறது" என்று சிரித்தாள். அரக்கோணத்துக்குப் போக அவளுக்கு இஷ்டமில்லை. தானாக உட்கார்ந்து தானாக எழுந்திருக்க ஒரு இடம் வீட்டில் இருந்துவிட்டால், சமைப்பது, மீன் ஆய்வது எல்லாம் அதன் மேலிருந்தே ஆகிவிட்டால், ரோசியிடம் நான் பேசிக்கொள்வேன். அப்படி ஒரு இடம் எப்படி இருக்க வேண்டும்? அதைத்தான் நான் கோயிலில் கண்டுபிடித்தேன்.

எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லாருக்கும் தரைதான், முட்டி போனவர்களுக்கு மட்டும் பின்னால் பெஞ்சு. சுவிசேஷம் வாசிக்கும்போது எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும், நான் என் பக்கத்திலிருந்து தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்க்கிறேன், பெண்கள் பக்கத்துப் பெஞ்சிலிருந்து ஃப்ளோரன்ஸ் எழுந்து நிற்கிறாள், அலுங்காமல், மூக்குத்தி பளிச்சென்று மேலே வருகிறது, ஒரு வாரம் இல்லை, எல்லா வாரமும். வீட்டுக் கட்டிலிலிருந்து எழுந்திருக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவள் அங்கே எப்படி? பெஞ்சுக்குக் கைப்பிடி இல்லை, முன்னால் பிடிக்க எதுவும் இல்லை, அப்படியானால் உயரம், வேறு என்ன. பூசை முடிந்ததும் செபமாலை விழுந்த மாதிரிக் குனிந்து டேப்பை வைத்தேன், உபதேசியார் ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும். பத்தொன்பதே கால். வீட்டு நாற்காலிகள் பதினேழு, அந்த இரண்டே கால் அங்குலத்தில்தான் எல்லாம் இருக்கிறது, தொடை எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு குறைவாக முட்டி உழைக்க வேண்டும், கிரேனிலும் இதே கணக்குத்தான், தரையிலிருந்து முதல் முழம் தூக்குவதுதான் பாடு, பிறகு சுமை தானாக வரும்.

வஜ்ஜிரம் போட்டால் அப்புறம் பிரிக்க முடியாது, அதற்கு முன் அவள் ஒரு தடவை உட்கார்ந்து காட்டட்டும், சந்தேகத்துக்காக இல்லை, பார்க்க ஆசையாக இருக்கிறது... கூப்பிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்தாள், நாற்காலியைச் சுற்றிப் பார்த்தாள், "இன்னாய்யா, கலெக்டர் குந்துற மாதிரி கீது" என்றாள், உட்கார்ந்தாள். நாற்காலி ஒரு முனகல் விடவில்லை. எழுந்திரு என்றேன். முன்னால் சாய்ந்தாள், தொடையில் கையை ஊன்றினாள், பல்லைக் கடித்தாள், ஒரு சாண் வந்தாள், திரும்ப உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு தடவை. ஒரு சாண்கூட வரவில்லை. "முடிலய்யா." டேப்பை எடுத்து அளந்தேன், பத்தொன்பதே கால், மறுபடி அளந்தேன், பத்தொன்பதே கால். கோயிலில் மட்டும் எப்படி எழுந்திருக்கிறாய், அதே உயரம்தானே, என்றேன், குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "அங்க நானா எழுந்துக்கறேன்? பக்கத்துல டோரதி கீறா இல்ல, அவ எழுந்துக்கும்போது நானும் எழுந்துக்குவேன். கோயிலுக்கே தெரியும், உனுக்குத் தெரியாதா?"

தெரியாது. வாரா வாரம் அந்தப் பெஞ்சைப் பார்த்திருக்கிறேன், பலகை எவ்வளவு தடிமன் என்றுகூடச் சொல்வேன், அதில் ஃப்ளோரன்ஸுக்குப் பக்கத்தில் யார் என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்... சரி, ஒரு தப்பு தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி, நல்ல வேளை வஜ்ஜிரம் போடவில்லை, டப்பாவை அடுப்பிலிருந்து இறக்கினேன். டோரதி என்ன செய்வாள், தூக்குவாளா, இழுப்பாளா, எந்தப் பக்கம், எவ்வளவு? அது தெரிந்தால் அதை மரத்தில் செய்துவிடலாம், கைப்பிடி வைக்கலாம், முன்னால் நீட்டி வைக்கலாம், ஆறு நாள் தாராளம். காட்டு என்றேன். "பக்கத்துல குந்து" என்றாள், அழுமூஞ்சி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், அவள் கை என் முழங்கைக்குள் வந்தது. இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? "ஒண்ணும் பண்ணாத, எழுந்துக்கோ, அவ்ளோதான்." எழுந்தேன், அவளும் எழுந்து நின்றுவிட்டாள். தூக்கினேன் என்று சொல்ல முடியாது, கையில் பாரமே விழவில்லை, ஒரு உளியின் கனம் இருந்திருந்தால் அதிகம், முட்டி தானாகத்தான் நிமிர்ந்தது, நான் போகிற வேகத்தில் அவள் கூட வந்தாள், அவ்வளவுதான். கைப்பிடி எவ்வளவு பாரமும் தாங்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கைப்பிடி வைத்த இடத்தில் நிற்கும், அவளோடு சேர்ந்து எழுந்திருக்காதே... நான் எழுந்தது சரிதானா என்று அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் என் முழங்கையை விடாமல் உதட்டைச் சுழித்தாள். "டோரதி இன்னும் மெதுவா எழுந்துக்குவாய்யா" என்றாள்.