கருப்பட்டித் துணி

பாலம்மாளுக்கு ஓரகத்தி மூக்கம்மாளைக் கண்டாலே ஆகாது. ஓரகத்திகளுக்குள் நகைக்கும் சேலைக்கும் பொறாமை வருவது உண்டு. இங்கே பொறாமை ஒரு மூன்றரை வயதுப் பயலால் வந்தது. பெற்றவள் பாலம்மாள்தான். ஆனால் அந்தப் பயல் பிச்சையா தடுக்கி விழுந்தால் "பெரியம்மா" என்றுதான் அழுவான். பிள்ளையில்லாத மூக்கம்மாள்தான் அவனுக்குச் சோறூட்டினாள், குளிப்பாட்டினாள். வயலிலிருந்து வந்து பாலம்மாள் கை நீட்டினால் பயல் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவளுக்கு வயிறு பற்றி எரியும்.

ராத்திரியாவது தன்னோடு கிடக்கட்டும் என்று அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கருப்பட்டித் துண்டை ஈரத்துணியில் முடிந்து அவன் வாயில் வைத்தாள். பயல் அதைச் சப்பிக்கொண்டே அவளை ஒட்டிப் படுத்துத் தூங்கினான். ஒன்றரை வருஷம் ஒரு நாள் தவறாமல் இது நடந்தது. ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரே பூரிப்பு.

மேல்வரிசை முன்பற்கள் நாலும் மஞ்சளாகி, கறுத்து, கட்டைகட்டையாகத் தேய்ந்தன. "பால் பல்லுதானே, விழுந்து முளைக்கும்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். பாலம்மாள் மட்டும், "அவ குடுத்த மிட்டாயில எம் புள்ள வாயே அழுகிப் போச்சு" என்று பக்கத்து ஊரான இலத்தூர் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அது காதில் விழுந்தும் மூக்கம்மாள் வாய் திறக்கவில்லை. அந்த அமைதியும் பாலம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

ஆனி மாதம் பயலுக்கு ஈறில் சீழ் கட்டி உதடும் கன்னமும் வீங்கின. காய்ச்சல் வேறு. மூன்று நாளாகக் கஞ்சிகூட இறங்கவில்லை. சாரலுக்கு மதுரையிலிருந்து ஒரு பல் டாக்டர் குற்றாலத்தில் வந்து தங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு, புருஷன் சங்கரபாண்டி தென்காசியிலிருந்து வண்டி கட்டினான். மதினி மூக்கம்மாளையும் ஏறச் சொன்னான்.

"அவ எதுக்கு?" என்றாள் பாலம்மாள்.

சங்கரபாண்டி மாட்டைத்தான் அதட்டினான்.

டாக்டர் தங்கியிருந்த பங்களாவில் பாலம்மாள் பயலை மடியில் வைத்துக் கெஞ்சினாள், மிரட்டினாள். அவன் உதட்டை இறுக்கிக்கொண்டான். "யார் சொன்னா கேப்பான்?" என்றார் டாக்டர். சங்கரபாண்டி மதினியைப் பார்த்தான்.

பிள்ளை மடி மாறினான். 'அவளுக்கும் திறந்துவிடாதே' என்று பாலம்மாள் மனசுக்குள் வேண்டினாள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துப் பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது? நினைத்தாள்.

"ஆ காட்டுலே ராசா" என்றாள் மூக்கம்மாள். பயல் ஆவென்று திறந்தான்.

டாக்டர் விளக்குப் பிடித்துப் பார்த்தார். "ரெண்டைப் பிடுங்கணும். விட்டா சீழ் ஏறி, உள்ள வளர்ற பல்லும் கெட்டுப்போகும். மத்த ரெண்டுக்கும் வெள்ளி மருந்து தடவுறேன். கறுப்பாத்தான் இருக்கும், ஆனா சொத்தை பரவாது." பிறகு நிமிர்ந்தார். "தினம் ராத்திரி இனிப்பை வாயில வச்சு இவனைத் தூங்க வைக்கிறது யாரு?"

பாலம்மாள் ஓரகத்தியைப் பார்த்தாள். எறும்பு மொய்த்த அந்தத் துணிகளைக் காலையில் அலசிப் போட்டவள் மூக்கம்மாள். அவளுக்கு எல்லாம் தெரியும். இப்போது சொல்லிவிடுவாள்.

"நாந்தான் டாக்டரய்யா" என்றாள் மூக்கம்மாள்.

பாலம்மாளுக்கு நன்றி வந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. இதையும் இவளே எடுத்துக்கொள்கிறாளா!

"பொய் சொல்லுதா! கருப்பட்டிய முடிஞ்சு வச்சது நாந்தான்!" பாலம்மாள் மூக்கம்மாள் பக்கம் திரும்பினாள். "சோறூட்டுனது, குளிப்பாட்டுனது, நல்லதெல்லாம் நீ செஞ்சே. இந்தக் கெட்டதாவது நான் செஞ்சதா இருக்கட்டும் அக்கா."

டாக்டர் ஊசியை எடுத்தார். "யாரா இருந்தாலும் இனிமே கூடாது. ஒருத்தர் தலையைப் பிடிங்க, ஒருத்தர் காலைப் பிடிங்க."

தலை மூக்கம்மாளின் மார்பில் சாய்ந்திருந்தது. பாலம்மாளுக்குக் கால்தான் மிஞ்சியது. ஊசி இறங்கியதும் பயல் உதைத்தான். அத்தனை உதையும் அவள் நெஞ்சிலேயே விழுந்தது. எல்லாம் தனக்கே வேண்டும் என்பதுபோல அவள் அந்தக் கால்களை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.