இரண்டு வளையங்களும் என் நாத்தனாரும்

1

இந்தக் கதை நாத்தனாரிடமிருந்து சுட்டது. ஆய்வுக்கூடத்தில் நடந்ததை அவள் சாப்பாட்டு மேசையில் சொல்ல, நான் அப்படியே அமுக்கிக்கொண்டேன். முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘வெகுதொலைவில் பிரிந்திருந்த காதலர்களில் ஒருத்தி சிரித்தால் மற்றவன்...’

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். “அண்ணி, காதலெல்லாம் வேண்டாம். ரெண்டு அலுமினிய வளையம். அவ்வளவுதான்.”

அடித்துவிட்டேன்.

2

மணல் துகள் அளவில் இரண்டு வளையங்கள். கடுங்குளிரில் அவற்றின் மின்தடை அடியோடு போய்விடும். ஒவ்வொன்றிலும் கோடானுகோடி எலெக்ட்ரான்கள் ஒரே ஆள்போல நடந்துகொள்ளும். அப்போது ஒன்றை விட்டு மற்றதைச் சொல்லவே முடியாதபடி இரண்டையும் பின்னிவைக்கலாமா? ஒற்றை அணுக்களுக்குச் சாத்தியமான இந்தக் குவாண்டம் பின்னல்* இவ்வளவு பெரிய கூட்டத்துக்கும் சாத்தியமா? நாத்தனாரின் இளமை முழுக்க இந்தக் கேள்வியில்தான் போயிருக்கிறது.

(* இதை வைத்துச் சேதி அனுப்ப முடியாது. “அப்போ போனே வேண்டாமா?” என்று கேட்ட என் கணவர் தங்கையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.)

இரண்டு வளையங்களிலும் எடுத்த அளவீடுகள் ஒன்றோடொன்று பொருந்தின; பின்னலுக்கு அதுதான் அடையாளம். ஆய்வை நடத்தும் பேராசிரியர் அறிவிக்கத் துடித்தார். இவளுக்குத்தான் உறுத்தியது. இரண்டு வளையங்களின் மெல்லிய மின்சைகைகளையும் ஒரே பெருக்கி (ஆம்ப்ளிஃபயர்) வழியாக அல்லவா அளந்தோம்? அதன் இரைச்சலே இரண்டிலும் புகுந்து பொருத்தம் காட்டியிருந்தால்?

“தனித்தனிப் பெருக்கி போட்டு இன்னொரு தடவ அளக்கலாம் சார்.”

“பொருத்தம் போயிடுச்சுன்னா?”

“போகட்டும். பொய்யா இருந்தா நம்மளே கண்டுபிடிச்சதா இருக்கட்டும்.”

(இங்கே அவள் ஆவேசமாக வாதாடியதாக எழுதியிருந்தேன். “வாதாடல, ரெண்டாவது பெருக்கியத் தேடப் போயிட்டேன்” என்று திருத்தினாள்.)

3

கதைக்கு நான் முதலில் எழுதிய முடிவு: பொருத்தம் போய்விட்டது. அவள் சன்னலோரம் நின்று மழையை...

எனக்கு இதுதான் பிடித்திருந்தது. தோல்வி வந்தால் கதைக்குக் கனம் கூடும் என்பது எங்கள் தொழிலைப் பிடித்த நோய்.

“ஏன் அண்ணி, நான் தோத்தாத்தான் உங்களுக்குக் கதையா?”

சுருக்கென்றது. ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்: பொருத்தம் இருந்தது. முன்பைவிடத் தெளிவாக இருந்தது. கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. அளவீடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது; தரை அதிர்ந்தால் எல்லாம் கெட்டுவிடும்; குதிக்கக் கூடாது, கைதட்டக் கூடாது. பேராசிரியர் கண்ணாலேயே வாசலைக் காட்டினார். காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லோரும் பூனைநடை நடந்து, நடைகூடம் தாண்டி, படியிறங்கித் தெருவுக்கு வந்தார்கள்.

அப்புறம் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. நாத்தனார் கடைசியாக வெளியே வந்து, கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டாள். இனி நீங்கள் கத்தலாம்.