சாம்பல் குதிரையின் கண்ணாடி விலா

எங்கள் தெரு வண்டிக்காரருடைய சாம்பல் குதிரைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை இடது விலா கண்ணாடியாகிவிட்டது. தோலும் எலும்பும் எதையும் மறைக்கவில்லை. இரைப்பை தெரிந்தது, அதன் மேல்பாதியில் ஏழு புண்கள் தெரிந்தன. பேக்கரிக்காரர் ஒன்பது என்றார், எதிலும் இரண்டைக் கூட்டிச் சொல்வது அவர் வழக்கம். இரண்டு மாதமாகவே அது சரியாகத் தின்னாமல், வாரை இறுக்கினால் கடிக்க வந்துகொண்டிருந்தது. அதை விற்றுவிட்டு ஆட்டோ வாங்கச் சொல்லி வண்டிக்காரரின் மனைவி பிடிவாதமாக நின்றார். அவருடைய அண்ணன் வாங்குவதற்கு ஆளே பார்த்துவிட்டார். வண்டிக்காரர் எல்லோரிடமும் கெஞ்சி நான்கு வாரம் அவகாசம் வாங்கினார்.

வைத்தியம் பார்க்க வந்த கால்நடை டாக்டரம்மா, வயிற்றுக்குள் விடும் மூன்று மீட்டர் கேமராக் குழாயைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, விலாவைப் பார்த்தபடி எழுதிக்கொண்டார். தீனி இல்லாவிட்டாலும் குதிரை வயிற்றில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், வெறும் வயிற்றோடு ஓடினால் அது மேலே தெறித்துப் புண்ணாக்கும் என்று விளக்கினார். வயிறு லேசாக இருந்தால்தான் ஓட்டம் வரும் என்று காலையெல்லாம் பட்டினி போட்டு, மாலையில் வாளி நிறையப் பார்லி கொட்டிவந்த வண்டிக்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். இனி பார்லியைப் பாதியாகக் குறைத்து மாலையில் மட்டும் தர வேண்டும் என்றார் டாக்டரம்மா. நாள் முழுக்கக் காய்ந்த புல், கூடவே குதிரைமசால் தழை. வண்டி பூட்டுமுன் அதில் ஒரு பிடி. விடிந்ததும் வெறும் வயிற்றில் அமிலத்தை அடக்கும் பசை மருந்து, ஒரு மணி நேரம் கழித்தே தீனி.

இரண்டு வாரம் தெருவே பல் விளக்கிக்கொண்டு லாயத்து வாசலில் கூடிப் புண்களை எண்ணியது. ஏழு ஏழாகவே இருந்தது. பதினைந்தாம் நாள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து வந்த மனைவி, கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்தார். அப்போதுதான் கொடுத்த மருந்து, ஈரம் காயாத பார்லிக் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தது.

"என்னங்க இது, உள்ள பார்லி கிடக்குது?"

"வெறும் வயித்துல கசப்ப எப்படிடி குடுக்கறது? பாவம்ல. ஒரே ஒரு கைதான்."

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு வாய் வெந்நீர் வெச்சுக் குடுத்தீங்களா நீங்க?"

மறுநாள் முதல் மனைவியே மருந்து கொடுத்து, பார்லி மூட்டையின் மேல் ஏறி ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். புருஷனை ஐந்தடி தள்ளி நிறுத்தினார். ஏழு ஐந்தானது, மூன்றானது. இடையில் குதிரையோடு அவருக்குப் பேச்சுவார்த்தையும் ஆரம்பமாகி, வீட்டு விஷயமெல்லாம் அதனிடம் போய்ச் சேர்ந்தது. எங்களுக்குக்கூட அத்தனை தெரியாது.

கடைசி நாள் அண்ணன் ஆளோடு வந்தபோது கடுகளவில் ஒரே புண்தான் மிச்சம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் மூடிக்கொண்டது. வாங்க வந்தவருக்கு வாயெல்லாம் பல். பேசியதற்கு இரண்டு மடங்கு தருவதாகச் சொன்னார். வண்டிக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"பதிமூணு நாள் மூட்டை மேல உக்காந்தது விக்கறதுக்கா? உங்க ஆளக் கூட்டிட்டுக் கிளம்புண்ணே," என்றார் மனைவி.

அன்று மாலைக்குள் தெருவில் இருந்த அத்தனை பேரும் ஒரு சுற்று வண்டியில் போய் வந்தோம். பேக்கரிக்காரர் மூன்று சுற்று என்கிறார். விலா பழையபடி மாறவில்லை. மனைவி அதை வாரம் ஒருமுறை ஈரச் செய்தித்தாளால் துடைத்துவிடுகிறார். வழியில் வண்டிக்காரரைப் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறோம். குதிரையைக் கேட்பதில்லை, பார்த்துக்கொள்கிறோம்.